சிட்டியா, சிட்டி இல்லையா? சீனமும் ஆங்கிலமும் கலந்த இணையப் பேச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாண்டரின் படிப்பதாகச் சொன்னதும் நண்பர்கள் முதலில் கேட்பது "அந்த எழுத்தையெல்லாம் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறாய்?" என்பதுதான். உண்மையில் என்னைத் திணற வைத்தவை எழுத்துகள் அல்ல. அரட்டைச் செய்திகளில் சீன எழுத்துகளுக்கு நடுவே திடீரென்று முளைக்கும் ஆங்கிலச் சொற்கள். ஆங்கிலம் தெரியும் என்ற தைரியத்தில் படித்தால் அர்த்தம் வேறு எங்கோ போய் நிற்கும். நண்பர்கள் அடிக்கடி கேட்டவற்றையும் நானே கேட்டுக்கொண்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். சீன உச்சரிப்பைத் தமிழில் தோராயமாகத்தான் எழுத முடியும். சொல்லின் பொருளையே மாற்றிவிடும் குரல் ஏற்ற இறக்கங்களான சுரங்களை விட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதிரிப் பேச்சு இது? ஒன்றைச் சொல்லுங்களேன்.

2024 கோடையில் சீனா முழுக்கப் பரவிய 'சிட்டி பு சிட்டி?' என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். சீனாவில் காணொளி போடும் ஓர் அமெரிக்கர், ஊர் ஊராகப் போய் நின்று தன் தங்கையிடம் இப்படிக் கேட்டார். 'ஹாவ் சிட்டி' என்று பதில் வரும். 'ஹாவ்' என்பது இங்கே 'ரொம்ப' என்ற பொருளில் வருகிறது. ஆக, 'ரொம்ப சிட்டி'.

சீனத்தில் ஆம் இல்லை கேள்வி கேட்க ஒரு வழி, சொல்லைச் சொல்லி, நடுவில் 'பு' என்ற மறுப்பை வைத்து, அதே சொல்லைத் திரும்பச் சொல்வது. 'ஹாவ் பு ஹாவ்?' என்றால் 'நல்லா இருக்கா, இல்லையா?' நாம் 'வருவியா மாட்டியா' என்று கேட்பதற்குக் கிட்டத்தட்ட இணை. அந்த அச்சில் 'சிட்டி'யைப் போட்டு எடுத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாக இருந்தது சீனத்துக்குள் வந்ததும் 'பெரிய ஊர் பளபளப்பு உள்ள' என்று பண்பைச் சொல்லும் சொல்லாகிவிட்டது. வெளிநாட்டவருக்கு விசா விதிகளைச் சீனா தளர்த்திக்கொண்டிருந்த நேரம் அது. சுற்றுலாக் காணொளிகள் பெருக, சொல்லும் கூடவே பரவி, வெளியுறவு அமைச்சகத்தின் செய்தியாளர் கூட்டம் வரை போனது.

இங்கிலீஷ் சரியாக வராததால் இப்படிப் பேசுகிறார்கள், அப்படித்தானே?

இல்லை. இந்தத் தப்பெண்ணம்தான் எனக்குக் கொஞ்சம் எரிச்சலைத் தருகிறது.

அரைகுறை ஆங்கிலத்தால் பிறந்த கலவையும் சீனாவில் இருந்ததுதான். ஷாங்ஹாயில் பிரிட்டிஷ் பகுதிக்கும் பிரெஞ்சுப் பகுதிக்கும் நடுவே யாங்ஜிங்பாங் என்று ஓர் ஓடை ஓடியது. அதன் கரையில் வணிகம் பேசியவர்களின் ஆங்கிலத்துக்கு ஓடையின் பெயரே நிலைத்தது. 1910களில் ஓடையைத் தூர்த்துச் சாலை போட்டுவிட்டார்கள். இன்றைக்கு அது யான்ஆன் கிழக்குச் சாலை. ஆலை மேஸ்திரியை 'நாமோவென்' என்பார்கள். 'நம்பர் ஒன்' அப்படித் திரிந்திருக்கிறது. அது பிழைப்புக்கான பேச்சு.

இப்போதைய கதை வேறு. 2001 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கிவிடுகிறது. கல்லூரி நுழைவுத்தேர்விலும் ஆங்கிலம் உண்டு. பத்து வருடம் இலக்கணம் மனப்பாடம் செய்த பிள்ளைகள் அந்த இலக்கணத்தை வேண்டுமென்றே உடைத்து விளையாடுகிறார்கள். விதி தெரியாதவனுக்கு அதை இவ்வளவு சரியாக உடைக்கவும் வராது.

'ஹோல்ட் ஜூ' என்றால் என்ன? நிறைய இடத்தில் பார்க்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த கலவை இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 2011 ஆகஸ்டில் தைவான் தொலைக்காட்சியின் கல்லூரி மாணவர் நிகழ்ச்சி ஒன்றில் 'மிஸ் லின்' என்ற வேடத்தில் ஒரு பெண் வந்தார். கண்டபடி ஒப்பனை, பந்தாவான ஆங்கிலம். நாகரிகம் என்றால் என்ன என்று பாடம் நடத்துகிறார். என்ன சொதப்பினாலும் 'மொத்த இடத்தையும் நான் ஹோல்ட் ஜூ பண்ணுவேன்' என்று அலட்டிக்கொள்கிறார். காணொளி சீனப் பெருநிலத்துக்குப் பாய்ந்தது. சில வாரங்களில் எல்லோரும் எதையாவது 'ஹோல்ட் ஜூ' செய்துகொண்டிருந்தார்கள். அதற்கு முன்பே ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான காண்டனீஸில் புழங்கிய சொல்தான் இது.

'ஜூ' என்ற குட்டிச் சொல்லில்தான் சூட்சுமம். சீனத்தில் வினைக்குப் பின்னால் இது வந்தால், செயல் உறுதியாக நின்றுவிட்டது என்று பொருள். 'ஜி' என்றால் நினைவில் வை, 'ஜி ஜூ' என்றால் மறக்காமல் நினைவில் வைத்துக்கொள். நம் 'கொள்' துணைவினையும் இதே வேலையைத்தான் செய்கிறது. 'பிடி' வேறு, 'பிடித்துக்கொள்' வேறு. ஆக 'ஹோல்ட் ஜூ' என்பது 'ஹோல்ட்' என்ற சொல்லுக்குச் சீனத்தின் 'கொள்'ளை ஒட்டியது. தாக்குப்பிடி, சமாளி, கையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள் என்று பொருள். இதற்கு எதிர்ப்பதமும் அதே அச்சில் வருகிறது: 'ஹோல்ட் பு ஜூ', அதாவது 'தாங்க முடியலை'. ஓர் ஆங்கில வினையைச் சீனத்தின் எல்லா வளைவுகளிலும் வளைத்துப் பார்த்து, உடையவில்லை என்று உறுதி செய்துகொண்டது போல இருக்கும்.

நாமும்தான் 'கால் பண்ணு', 'டென்ஷன் ஆயிட்டேன்' என்கிறோம். அதே கதைதானே?

பாதி அதே கதை. தமிழில் ஆங்கில வினை நேரடியாக உள்ளே வர முடியாது. 'பண்ணு', 'ஆகு', 'அடி' என்று ஒரு வாசற்காவலாளி வேண்டும். காலம், இடம், எண் எல்லாம் அந்தக் காவலாளியின் மேல்தான் ஏறும்.

சீன வினைக்குக் காலவிகுதியும் கிடையாது, இடவிகுதியும் கிடையாது. அதனால் 'கெட்' (புரிந்துகொள்), 'டிஸ்' (மட்டம்தட்டு), 'க்யூ' (பேச்சில் ஒருவரை இழு) எல்லாம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக உள்ளே வந்துவிடும். பின்னால் ஓர் அசை ஒட்டினால் போதும். 'கெட் தாவ்' என்றால் 'புரிஞ்சுது, பிடிபட்டுது'. நிலைமை மாறிவிட்டது என்று காட்ட 'லெ' ஒட்டும். 2021 வாக்கில் பரவிய 'வோ இமோ லெ', அதாவது 'நான் இமோ ஆயிட்டேன்', மனசு சரியில்லை என்பதற்கான சொல். 'இமோ' என்பது ஆங்கிலத்தில் ஒரு ராக் இசை வகையின் பெயர். இசையைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள்தான் சீனத்தில் அதை அதிகம் சொல்கிறார்கள்.

சில சொற்கள் நம் ஊர்ப் புழக்கத்தோடு அப்படியே ஒத்துப்போகும். 'ஹென் லோ' என்றால் மட்டமான ரசனை. 'லோ கிளாஸ்' என்று நம்மில் சிலர் முகம் சுளிப்பார்களே, அதே தொனி. 'நி அவுட் லெ' என்றால் 'நீ அவுட்டேட்டட்'.

'டா கால்' மட்டும் ஏமாற்றும். 'கால் அடி' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தொலைபேசி என்று நினைப்போம். ஜப்பானிய இசைக் கச்சேரிகளில் ரசிகர்கள் தாளத்தோடு கத்துவதை 'கால்' என்பார்கள். அங்கிருந்து வந்ததால் 'ஆதரவுக் குரல் கொடு' என்று அர்த்தம். 2017-ன் முக்கியச் சொற்களில் ஒன்று.

ரசிகர்களை ஏன் 'சேமியா' என்கிறார்கள்?

ஆங்கில 'ஃபேன்ஸ்' சீன வாயில் 'ஃபென்ஸி' ஆனது. அதை எழுதத் தேர்ந்த இரண்டு எழுத்துகளும் சேர்ந்தால் ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு: பாசிப்பயறு மாவுச்சத்தில் செய்யும் கண்ணாடி மாதிரியான மெல்லிய சேமியா.

இது வேரூன்றியது 2005-ல் ஹூனான் தொலைக்காட்சியின் பெண்கள் பாட்டுப் போட்டியின்போது. மக்கள் குறுஞ்செய்தி மூலம் வாக்களித்தார்கள், நாடே பார்த்தது. வென்றவர் லி யூசுன். அவர் பெயரில் உள்ள 'யூ'வுடன், பித்துப் பிடித்தவர் என்ற பொருளுள்ள 'மி'யைச் சேர்த்தால் 'யூமி'. சுரம் மாறினால் அதுவே மக்காச்சோளம். எனவே அவருடைய ரசிகர்கள் மக்காச்சோளங்கள். மூன்றாமிடம் பெற்ற ஜாங் லியாங்யிங்கின் ரசிகர்கள் 'லியாங் ஃபென்', அதாவது காரம் போட்டுக் குளிரக் குளிரச் சாப்பிடும் கொழகொழப்பான ஒரு பண்டம். ஒரு பாட்டுப் போட்டியில் முழுச் சாப்பாடே தேறிவிட்டது.

அப்புறம் 'ஃபென்' தனியாகவே நடக்க ஆரம்பித்தது. 'தியே ஃபென்' என்றால் இரும்பு ரசிகர், நம்மூர் 'வெறித்தனமான ரசிகர்'. 'ஹெய் ஃபென்' என்றால் கருப்பு ரசிகர். ரசிகர் போலவே பின்தொடர்ந்து, திட்டுவதையே தொழிலாகக் கொண்டவர். கடன் வாங்கிய சொல் குட்டி போட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அதைக் கடன் என்று யாரும் சொல்வதில்லை.

ஒலியைப் பிடித்து எழுதிய வேடிக்கைகள் வேறு உண்டா?

ஏராளம். சீன எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அசை, ஓர் அர்த்தம். அதனால் ஆங்கில ஒலியை எழுதும்போது ஏதோ ஓர் அர்த்தம் வந்து உட்கார்ந்தே தீரும். எதை உட்கார வைப்பது என்பதில்தான் குறும்பு. 'மசாஜ்' தைவானில் 'மா ஷா ஜி' ஆனது: குதிரை கோழியைக் கொன்றது. 'ஷாப்பிங்' 'ஷுவே பின்' ஆனது: ரத்தம் சிந்திப் போராடு. தள்ளுபடி நாளில் துணிக்கடைக்குப் போனவர்களுக்கு இது மொழிபெயர்ப்பாகவே தோன்றாது. இணையம் வந்த புதிதில் மின்னஞ்சலை 'யீ மேய்ர்' என்று எழுதினார்கள். எழுத்துகளில் 'மேய்' என்பது தங்கை. மோடத்தை 'மாவ்' என்றார்கள், அது பூனை.

இதே வரிசையில் 2021 கடைசியில் கிளம்பியது 'பாபி க்யூ லெ'. முதல் இரண்டு எழுத்துகள் பார்பி பொம்மையின் சீனப் பெயர், மூன்றாவது ஆங்கில எழுத்து. சேர்த்துப் படித்தால் பார்பிக்யூ. 'வறுபட்டுப் போச்சு', அதாவது கதை முடிந்தது.

'பி.கே.', 'ஒய்.ஒய்.டி.எஸ்.' போன்ற எழுத்துச் சுருக்கங்களும் ஆங்கிலம்தானா?

சில ஆங்கிலம், சில ஆங்கில வேடம் போட்ட சீனம். கைப்பேசியில் சீனம் அடிப்பவர்களில் பெரும்பாலோர் உச்சரிப்பை ரோமன் எழுத்தில் தட்டி, வரும் பட்டியலில் சீன எழுத்தைத் தேர்வு செய்கிறார்கள். ஆக ரோமன் எழுத்துகள் எப்போதும் விரல் நுனியில் உண்டு. சோம்பல் வந்தால் முதலெழுத்துகளோடு நிறுத்திவிடுவார்கள். 'ஒய்.ஒய்.டி.எஸ்.' அப்படி வந்தது. 'யோங்யுவான் த ஷென்', அதாவது 'என்றென்றும் தெய்வம்'. கணினி விளையாட்டு ரசிகர்கள் தங்கள் நட்சத்திர வீரரைப் பார்த்துக் கத்தியது. 2021-ல் சோற்றுக்கும் சட்னிக்கும்கூடச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இதில் ஆங்கிலமே கிடையாது.

'பி.கே.' உண்மையான ஆங்கிலச் சுருக்கம். இணைய விளையாட்டில் ஓர் ஆட்டக்காரர் இன்னொரு ஆட்டக்காரரைக் கொல்வதைக் குறித்தது. மேலே சொன்ன 2005 பாட்டுப் போட்டியில் இருவரை மோதவிடும் சுற்றுக்கு இந்தப் பெயரை வைத்ததும் வீட்டுப் பாட்டிகள் வரை பரவிவிட்டது. ஹாங்காங்கில் மட்டும் ஜாக்கிரதை. காண்டனீஸில் 'தெருவில் விழுந்து தொலை' என்ற வசவுக்கும் இதே இரண்டு எழுத்துகள்தான் சுருக்கம்.

'பி.யூ.ஏ.' கொஞ்சம் இருண்ட கதை. பெண்களை வலையில் வீழ்த்தும் 'கலைஞர்'களுக்கான ஆங்கிலச் சுருக்கம் அது. சீனத்தில் வினையாகி, ஒருவரைத் தொடர்ந்து மட்டம்தட்டிக் கைக்குள் வைத்துக்கொள்வதற்கான சொல்லானது. அலுவலக மேலாளர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறார்கள். பிறகு யாரோ அதைக் கிண்டலாக 'என்னை சி.பி.யூ. பண்ணாதே' என்று மாற்ற, அதன் பின்னால் 'கே.டி.வி.', 'ஐ.சி.யூ.' என்று சம்பந்தமில்லாத மூன்றெழுத்துகளெல்லாம் வினையாக வரிசை கட்டின. இவற்றுக்கு அர்த்தம் தேடினால் பைத்தியம் பிடிக்கும்.

நன்றி சொல்வதுகூடக் கிண்டலா?

'தேங்க் யூ' இரண்டு முறை மாட்டியிருக்கிறது. முதல் முறை '3' என்ற எண்ணும் 'க்யூ' என்ற எழுத்தும் சேர்ந்து. மூன்று மாண்டரினில் 'சான்', எனவே 'சான் க்யூ'. தைவானில் 2006-ல் கல்லூரி நுழைவுத்தேர்வின் சீன மொழித் தாளில் பிழை திருத்தும் கேள்வியில் இதையே வைத்துவிட்டார்கள். இணையம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று பெரிய சர்ச்சை. நியாயமான கேள்விதான்.

இரண்டாவது முறை 2022-ல், 'ஷுவான் க்யூ'. தென் சீனாவின் குவாங்ஷி தன்னாட்சிப் பகுதியில் உள்ள யாங்ஷுவோவில், மலையும் ஆறும் பின்னணியில் தெரிய, ஒரு விவசாயி சொந்த முயற்சியில் கற்ற ஆங்கிலத்தைக் காணொளிகளில் சொல்லிக்கொடுப்பார். முடிவில் அவர் சொல்லும் 'தேங்க் யூ' இப்படிக் கேட்கும். இணையம் அதை எடுத்து 'ரொம்ப நன்றிப்பா, ஆளை விடு' என்ற அலுப்புக்குப் பயன்படுத்தியது. அந்த மனிதர் ஆர்வத்தோடு சொன்ன நன்றி, மற்றவர் வாயில் சலிப்பானதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு.

'நோ ஸுவோ நோ டை' பார்க்க ஆங்கிலம் மாதிரி இருக்கிறது, ஆனால் புரியவில்லையே?

இது மறுபக்கத்து விளையாட்டு. சொற்கள் ஆங்கிலம், எலும்புக்கூடு சீனம். 'ஸுவோ' என்றால் வம்பை விலைக்கு வாங்குவது. வாங்காவிட்டால் சாக மாட்டாய் என்பது வாக்கியம். 'சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம்' என்போமே, அந்த இடத்தில் சொல்லலாம். 2014-ல் ஆங்கிலக் கொச்சைச் சொற்களைத் திரட்டும் அர்பன் டிக்‌ஷனரியில் இது இடம்பிடித்ததைச் சீன ஊடகங்கள் பெருமையோடு எழுதின. கூடவே 'யூ கேன் யூ அப்': உன்னால் முடியும் என்றால் நீ ஏறிச் செய்து காட்டு.

இதற்கெல்லாம் தாத்தா 'குட் குட் ஸ்டடி, டே டே அப்'. 'நன்றாகப் படி, நாளுக்கு நாள் முன்னேறு' என்ற மாவோவின் வாசகம் சீனப் பள்ளிச் சுவர்களில் எங்கும் இருக்கும். அதை அசைக்கு அசை பெயர்த்த குறும்பு இது. பின்னால் ஹூனான் தொலைக்காட்சியின் ஒரு நிகழ்ச்சிக்கு 'டே டே அப்' என்பதே ஆங்கிலப் பெயரானது. 'ஜாயோ' என்ற ஊக்கக்குரலை அப்படியே பெயர்த்த 'ஆட் ஆயில்' இன்னும் ஒரு படி மேல். ஹாங்காங் ஆங்கிலத்திலிருந்து 2018-ல் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிக்கே போய்விட்டது.

இரண்டு மொழியையும் ஒரே சொல்லில் ஒட்டுவது உண்டா?

2010, 2011 வாக்கில் அது ஒரு காய்ச்சலாகவே இருந்தது. 'கெய்லி' என்றால் பலம் கொடு, 'செம'. 2010 நவம்பர் 10 அன்று மக்கள் நாளிதழ் முதல் பக்கத் தலைப்பிலேயே இதைப் போட்டது. கட்சியின் நாளிதழில் இணையக் கொச்சை என்று ஊரே வாய்பிளந்தது. அதற்குள் இணையவாசிகள் ஆங்கில வாலை ஒட்டி 'கெலிவபிள்', முன்னால் மறுப்பை ஒட்டி 'அன்கெலிவபிள்' என்று செய்துவிட்டார்கள். 'நியுபிலிட்டி'யும் அந்த வகைதான். 'நியுபி' என்பது வீட்டில் சொல்ல முடியாத ஒரு பசு சம்பந்தப்பட்ட கொச்சை, பொருள் 'வேற லெவல்'. நம்மூரில் ஒருவர் 'கெத்தபிலிட்டி' என்று எழுதினால் எப்படி இருக்கும்? அப்படி.

கூர்மையான ரகம் இன்னொன்று. ஆங்கிலச் சொற்களையே வெட்டி ஒட்டி, சீன வாழ்க்கையைச் சொல்வது. 'சம்பந்தப்பட்ட துறை' என்று அரசு அறிக்கைகள் பெயர் சொல்லாமல் நழுவுவது அங்கேயும் உண்டு. அதற்கு 'டிபார்ட்டிமென்ட்' என்று பெயர் வைத்தார்கள், 'டிபார்ட்மென்ட்' நடுவில் கட்சியைக் குறிக்கும் 'பார்ட்டி' புகுந்துகொள்ளும். 'ஹார்மனி'யில் ஓர் எழுத்தை மாற்றி 'தீங்கு' என்ற 'ஹார்ம்' என்ற சொல்லும் 'பல' என்ற 'மெனி' என்ற சொல்லும் தெரியும்படி எழுதினார்கள், அரசின் 'இணக்கமான சமூகம்' முழக்கத்துக்குப் பதிலாக. 2009-ல் யுன்னானில் காவலில் இருந்த இளைஞர் ஒருவர் இறந்தபோது, கண்ணாமூச்சி விளையாடித் தலையில் அடிபட்டார் என்றது காவல்துறை. உண்மையில் உடனிருந்த கைதிகள் அடித்திருந்தார்கள். தற்கொலைக்கான ஆங்கிலச் சொல்லின் வாலில், ஒளிந்துகொள்வதைக் குறிக்கும் 'ஹைட்'டை ஒட்டி 'சூயிஹைட்' என்று ஒரு சொல் பிறந்தது. சிரிக்க முடியாத சொல்.

இவற்றில் பெரும்பாலானவை இன்று பேச்சில் இல்லை. தணிக்கை ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வேறொன்றும் இருப்பதாக நினைக்கிறேன். இவை கண்ணுக்கான சொற்கள். எழுதிப் பார்த்தால்தான் சிரிப்பு வரும், வாயால் சொன்னால் பாதி மறைந்துவிடும். அதோடு இவை ஆங்கிலத்தின் விதிப்படி கட்டியவை. சீன இலக்கணத்துக்குள் நுழைந்த 'ஹோல்ட் ஜூ'வுக்கும் 'பி.கே.'வுக்கும் அந்தச் சிக்கல் இல்லை, அவை இன்னும் நடமாடுகின்றன.

ஹாங்காங்கில் பேசுவதும் இதுதானா?

அங்கே கலவை இணையத்துக்கு முந்தையது, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தது. ஒரு நுணுக்கம் மட்டும் சொல்கிறேன். மாண்டரின் 'சிட்டி பு சிட்டி' என்று முழுச் சொல்லையும் இரட்டிக்கிறது. காண்டனீஸ்காரர் முதல் அசையை மட்டும் வெட்டி, 'ம்' என்ற மறுப்பை வைத்து, பிறகு முழுச் சொல்லைச் சொல்வார்: 'ஹாப் ம் ஹாப்பி?' சந்தோஷமா இல்லையா என்று அர்த்தம். 'ஓ ம் ஓகே?' என்றும் கேட்பார்கள். 'ஓகே'யை இரண்டாக வெட்டலாம் என்று வேறு யாருக்குத் தோன்றியிருக்கும்!

அரசு இதையெல்லாம் விட்டுவைக்கிறதா?

அவ்வப்போது கடிவாளம் போடுகிறது. ஷாங்ஹாய் 2006 மார்ச்சில் அரசு ஆவணங்களிலும் பாடநூல்களிலும் இணையக் கொச்சைக்குத் தடை போட்டது. 2010-ல் தொலைக்காட்சிகள் ஆங்கிலச் சுருக்கங்களைத் தவிர்க்கச் சொன்னார்கள். கூடைப்பந்து வர்ணனையாளர்கள் 'என்.பி.ஏ.' என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு முழுச் சீனப் பெயருக்குத் தாவிக்கொண்டிருந்தார்கள். 2012-ல் தற்காலச் சீன அகராதியின் ஆறாம் பதிப்பு ரோமன் எழுத்தில் தொடங்கும் 239 சொற்களைச் சேர்த்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் அது சட்டவிரோதம் என்று கையெழுத்திட்டுப் புகார் கொடுத்தார்கள். 2024 அக்டோபரில் இணைய மொழியைச் சுத்தம் செய்ய ஓர் இயக்கம் தொடங்கியது. அதே ஆண்டு முடிவில், 'சொல்லைக் கடித்து எழுத்தை மென்று' பிழை கண்டுபிடிப்பதையே பெயராகக் கொண்ட ஷாங்ஹாய் இதழ் ஒன்று, ஆண்டின் பத்துச் சொற்களில் 'சிட்டி பு சிட்டி'யையும் சேர்த்தது.

சீன நண்பரிடம் நானும் இப்படிப் பேசலாமா?

பேசலாம், சிரிப்பார்கள். ஆனால் தேதி பாருங்கள். போன வருடச் சொல்லை இந்த வருடம் சொன்னால், வயதான மாமா 'கூல் மச்சி' என்பது போல ஆகிவிடும். 'பி.கே.', 'ஃபென்ஸி', 'லோ' எல்லாம் பத்திரம். 'நியுபிலிட்டி'யை அலுவலகத்தில் சொல்லாதீர்கள். அப்புறம் ஒன்று, சுரத்தைத் தவறவிட்டாலும் ஆங்கிலப் பகுதியைச் சீனர் உச்சரிப்பது போலவே சொல்லுங்கள். நான் ஒருமுறை 'ஹோல்ட்' என்பதை வகுப்பில் படித்த ஆங்கிலப்படி 'ட்' வரை தெளிவாகச் சொன்னேன். எதிரே இருந்த பெண்ணுக்கு அது என்ன சொல் என்றே புரியவில்லை. 'ஹோ ஜூ' என்றதும் புரிந்தது.